ஆர்.வி. வாட்டர் ஹீட்டர்: எந்தத் தண்ணீருக்கு எந்த ராடு?

ஆர்.வி. என்பது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி. அதன் வாட்டர் ஹீட்டருக்கு எந்த ஆனோடு ராடு, அதாவது டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் உலோகத் தண்டு, நல்லது என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் டேங்க் இரும்பா, அலுமினியமா? அலுமினியம் என்றால் கடைக்கே போக வேண்டாம், அந்த டேங்குக்கு ராடு கிடையாது. இரும்பு என்றால் மட்டுமே மெக்னீசியமா, அலுமினியம்-துத்தநாகமா, மின்சார ராடா என்ற பேச்சு. இந்த வரிசை தெரியாமல் வாங்கி, பொருந்தாத மரையில் முறுக்கி டேங்கையே கெடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

அமெரிக்க ஆர்.வி.களின் டேங்க் ஹீட்டர்களில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள்தான். சபர்பன் ஹீட்டரில் டேங்க் இரும்பு, உள்ளே கண்ணாடி போன்ற பீங்கான் பூச்சு. ஆட்வுட் ஹீட்டரில் டேங்க் அலுமினியம். 2014-ல் அந்த நிறுவனத்தை டொமெட்டிக் வாங்கியது, அதனால் அதன்பின் வந்த வண்டிகளில் டொமெட்டிக் என்ற பெயர் இருக்கலாம். வண்டிக்கு வெளியே உள்ள ஹீட்டர் கதவைத் திறந்து கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பெரிய அறுகோண உலோகத் தலை தெரிந்தால் அது சபர்பன். தண்ணீர் வடிக்கும் துளையும் ராடு நிற்கும் துளையும் ஒன்றே, முக்கால் அங்குல மரை. சின்ன பிளாஸ்டிக் அடைப்பான் இருந்தால் ஆட்வுட், அரை அங்குல மரை. பழைய வண்டி வாங்கியவர்கள் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள். முந்தைய உரிமையாளர் ஹீட்டரையே மாற்றியிருக்கலாம், அடைப்பானையும் மாற்றியிருக்கலாம்.

ராடு எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீங்கான் பூச்சு என்னதான் நேர்த்தியாக இருந்தாலும் வெல்டிங் ஓரத்திலும் மரை விளிம்பிலும் ஊசிமுனை அளவுக்கு இரும்பு வெளியே தெரியும். உப்புக் கரைந்த சுடுதண்ணீர் அங்கேதான் வேலையைத் தொடங்கும். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பேட்டரி. அதில் எளிதில் கரையும் உலோகம் கரைந்து, மற்றதைக் காப்பாற்றும். நியம மின்னழுத்த அட்டவணையில் மெக்னீசியம் −2.37 வோல்ட், அலுமினியம் −1.66, துத்தநாகம் −0.76, இரும்பு −0.44. இரும்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு வேகமாக அது இரும்புக்காக உயிரை விடும். நம் ஊர் கெய்சரிலும் இதே மெக்னீசியம் ராடு இருக்கிறது. கழற்றிப் பார்ப்பவர்தான் இல்லை, டேங்க் ஒழுகிய பிறகே அதன் பெயர் காதில் விழும்.

மெக்னீசியம்: காரணம் இல்லாமல் மாற்ற வேண்டாம்

சபர்பன் ஹீட்டர் தொழிற்சாலையிலிருந்து மெக்னீசியம் ராடோடுதான் வரும். விலை 10 முதல் 20 டாலர். சியாட்டில், போர்ட்லண்ட் பக்கத்துத் தண்ணீர் போல உப்புக் குறைவான மென்னீரில் மின்சாரம் கடப்பதே கஷ்டம். அங்கே இரும்பைக் காக்க மின்னழுத்த வித்தியாசம் அதிகமுள்ள உலோகம் வேண்டும், மெக்னீசியத்துக்கு மாற்றே யோசிக்க வேண்டியதில்லை. ஃபீனிக்ஸ், லாஸ் வேகாஸ் போன்ற கடினநீர் ஊர்களிலும் அது வேலை செய்யும், வேகமாகத் தீர்ந்துபோகும், அவ்வளவுதான். மொத்த ராடும் கரைந்து உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சும் வரை காத்திருக்கக் கூடாது. முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது சபர்பனின் கணக்கு.

எத்தனை மாதம் உழைக்கும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வார இறுதிப் பயணத்துக்கு மட்டும் வண்டியை எடுப்பவருக்கு இரண்டு சீசன் வரலாம். குளிர்காலம் முழுக்க அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் வண்டியை நிறுத்தி, ஹீட்டரை இரவு பகலாக ஓட்டுபவருக்கு ஆறு மாதத்தில் தீரலாம். வெளியே சாஃப்ட்னர் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது. உப்புப் படிவு குறையும், ஆனால் தண்ணீரில் மின்சாரம் நன்றாகவே ஓடும். குழாயைக் காப்பாற்றப் போய் ராடைத் தின்னவைக்கிறோம். சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் ராடைக் கழற்றிப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறை என்பதை நான்கு மாதத்துக்கு ஒரு முறை என்று மாற்றிக்கொள்வது நல்லது.

கழற்றிய ராடு சொல்லும் கதையைப் படிக்கத் தெரிய வேண்டும். புதியது கட்டைவிரல் பருமனில் ஏறத்தாழ 9 அங்குல நீளம், வழவழப்பாக இருக்கும். ஒழுங்காக வேலை செய்தது கரையான் அரித்த கட்டை மாதிரி குழிகுழியாக, வெள்ளைத்தூள் பூத்து, நுனியில் மெலிந்து வெளிவரும். அதுதான் நல்ல செய்தி. ஒரு வருடம் கழித்தும் புதிது போலவே வந்தால் பலரும் சந்தோஷப்பட்டு அப்படியே திருப்பி மாட்டிவிடுகிறார்கள். அங்கே கவலைப்பட வேண்டும். ராடு கரையவில்லை என்றால் அது டேங்கோடு மின்தொடர்பில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம், அதாவது அந்த வருடம் முழுக்க இரும்புதான் கரைந்திருக்கிறது. மறுபக்கம், இரண்டு மூன்று மாதத்திலேயே கம்பியாகிவிட்டால் தண்ணீரை மட்டும் குறை சொல்லாமல் வண்டியின் கிரவுண்ட் (எர்த்) இணைப்பையும் பாருங்கள். எங்கிருந்தோ கசியும் மின்சாரம் ராடைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அலுமினியம்-துத்தநாகம்: நாற்றத்துக்கு மருந்து

மெக்னீசியத்தின் பெரிய குறை அழுகிய முட்டை நாற்றம். ராடு கரையும்போது ஹைட்ரஜன் வெளிவரும். தண்ணீரில் சல்பேட்டும், அதைத் தின்னும் பாக்டீரியாவும் இருந்தால், ஹைட்ரஜனைப் பிடித்து சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். ஹீட்டரை அணைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரை வாரக்கணக்கில் டேங்கில் விட்டுவைத்தால் பாக்டீரியாவுக்கு அது கல்யாணச் சாப்பாடு. ஃபுளோரிடாவின் கிணற்றுத்தண்ணீரில் இந்தத் தொல்லை சகஜம்.

ராடை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. சுடுதண்ணீர்க் குழாயில் மட்டும் நாற்றம் என்றால் ஹீட்டர்தான் காரணம். பச்சைத்தண்ணீரிலும் அடித்தால் வரும் தண்ணீரோ வண்டியின் நன்னீர் டேங்கோ கெட்டிருக்கிறது. ராடை மாற்றிப் பயனில்லை. ஹீட்டர் என்று உறுதியானால் முதலில் பிளீச். வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச்சில் 15 கேலனுக்கு, அதாவது சுமார் 57 லிட்டருக்கு, கால் கப். நன்னீர் டேங்கில் கலந்து, சூடு அணைந்த ஹீட்டர் வழியாகவும் எல்லாக் குழாய் வழியாகவும் பிளீச் வாடை வரும் வரை ஓட்டி, நான்கு மணி நேரம் நிற்கவிட்டு, முழுவதும் வடித்துக் கழுவ வேண்டும். சபர்பன் டேங்கில் இதைச் செய்யலாம். ஆட்வுட் அலுமினியத்துக்கு மருந்து வேறு, கீழே வருகிறது.

பிளீச் அடித்தும் சில வாரத்தில் நாற்றம் திரும்பினால் அலுமினியம்-துத்தநாக ராடுக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு. சுத்த அலுமினியத்தின் மேல் உடனே ஆக்சைடு தோல் படிந்து வேலை நின்றுவிடும் என்பதால்தான் துத்தநாகம் சேர்க்கிறார்கள். மெக்னீசியத்தைவிட இது நிதானமாகக் கரையும், ஹைட்ரஜன் குறைவு, நாற்றமும் தணியும். ஆனால் மின்னழுத்த வித்தியாசம் குறைவு என்பதால் மென்னீரில் பாதுகாப்பும் குறைவு. இன்னொரு தொல்லை, கரைந்த அலுமினியம் கஞ்சி போலக் கொழகொழவென்று டேங்க் அடியில் தங்கும், கழுவும்போது எளிதில் வெளியே வராது. சுடுதண்ணீர்க் குழாயில் பிடித்துச் சமைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். எந்த ராடு போட்டிருந்தாலும் விட வேண்டிய பழக்கம்தான் அது.

மின்சார ராடு: யாருக்கு லாபம்?

டைட்டானியம் கம்பியின் மேல் உலோக ஆக்சைடு பூச்சு, அதற்கு வண்டியின் 12 வோல்ட்டிலிருந்து துளி மின்சாரம். ராடு கரைவதில்லை, வருடாவருடம் வாங்க வேண்டியதில்லை, நாற்றமும் போகிறது. விலை மெக்னீசியம் ராடைப்போலப் பல மடங்கு. வருடம் முழுக்க வண்டியிலேயே குடியிருந்து, எப்போதும் மின்இணைப்பில் நிற்பவர்களுக்கு இது சரியான தேர்வு என்பதில் சந்தேகமில்லை.

மற்றவர்கள் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். ஒன்று, வண்டியை நிறுத்திவிட்டு பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம். டேங்கில் தண்ணீர் இருந்து மின்சாரம் இல்லாவிட்டால் அந்த நாள்களில் இரும்புக்குக் காவல் இல்லை. மெக்னீசியம் சுவிட்சைக் கேட்டு வேலை செய்வதில்லை. இரண்டாவது, இணைப்பு. நேர்முனை ராடுக்கு, எதிர்முனை டேங்க் உடம்புக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் ராடு பிழைத்து டேங்க் கரையும், அதுவும் சும்மா விட்டால் கரைவதைவிட வேகமாக. மாட்டிய பிறகு மல்டிமீட்டரை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது ராடைப் பற்றியதே அல்ல. சபர்பனில் வடிகால் துளையை ராடுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. மெக்னீசியம் ராடு தீர்ந்ததா என்று பார்க்கக் கழற்றும்போது அடியில் கிடக்கும் செதிலெல்லாம் தானாக வெளியே வரும். மின்சார ராடு போட்டவர்கள் கழற்ற வேண்டிய அவசியமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அடியில் உப்புச் செதில் ஏறி, மின்சார எலிமெண்டை மூடி, எலிமெண்ட் கருகும். ராடு தீராவிட்டாலும் டேங்கைக் கழுவியே ஆக வேண்டும். ராடின் தலையிலேயே சின்ன வடிகால் குழாய் வைத்து விற்கிறார்களே, அதுவும் இதே காரணத்துக்காக வேண்டாம். அந்தச் சின்ன ஓட்டையில் தண்ணீர் மட்டும் வடியும், செதில் உள்ளேயே கிடக்கும், ராடையும் யாரும் பார்க்கப் போவதில்லை.

கழற்றுவது, கழுவுவது, மாட்டுவது

கேஸ், மின்சாரம் இரண்டையும் அணையுங்கள். சபர்பனில் மின்சார எலிமெண்டுக்கென்று வண்டியின் வெளிப்புறத்தில், ஹீட்டர் கதவுக்குள்ளேயும் ஒரு சுவிட்ச் உண்டு, வண்டிக்குள் அணைத்தாலும் அதையும் அணைப்பது பாதுகாப்பு. 1,440 வாட் எலிமெண்ட், தண்ணீர் இல்லாமல் எரிந்தால் கணத்தில் போய்விடும். பிறகு காத்திருக்க வேண்டும், குறைந்தது சில மணி நேரம். முந்தைய நாள் இரவே அணைத்துவிடுவது எளிது. தண்ணீர் சூடாகவோ அழுத்தத்திலோ இருக்கும்போது ராடைக் கழற்றினால் வெந்துபோகும்.

பம்பை நிறுத்தி, வெளி இணைப்பையும் மூடி, உள்ளே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அதன்பின் அழுத்த வால்வின் நெம்புகோலைத் தூக்கிவிட்டு, ஆறு முனை 1 1/16 அங்குல சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் போட்டு ராடை இடப்பக்கம் திருப்புங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை வழுக்கவைக்கும். கடைசி மரை விடும்போது பக்கவாட்டில் நில்லுங்கள், 6 கேலன், அதாவது ஏறத்தாழ 23 லிட்டர், ஒரே வாய்க்கால் வழியாக வெளியே பாயும்.

தண்ணீர் நின்றதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். தோட்டக் குழாயில் மாட்டும் வளைந்த கழுவும் குச்சி சில டாலருக்குக் கிடைக்கும். அதைத் துளைக்குள் விட்டு எல்லாப் பக்கமும் சுழற்றி, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுங்கள். முதலில் வருவது பால்போல இருக்கும், அப்புறம் முட்டை ஓட்டை உடைத்துப்போட்டது மாதிரி வெள்ளைச் சில்லுகள். பிறகு ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து உள்ளே பாருங்கள். மரைக்கு உள்பக்கம் செம்மண் நிறம் படிந்திருந்தால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, அடுத்த ராடைத் தள்ளிப்போடாதீர்கள்.

டேங்க் பக்கத்து மரையை வயர் பிரஷால் துடையுங்கள். புது ராடில் டெஃப்லான் டேப் இரண்டு அல்லது மூன்று சுற்று, முதல் மரையை விட்டுவிட்டு. ஆறேழு சுற்று சுற்றினால் ஒழுகாது, உண்மைதான், ஆனால் ராடும் டேங்கும் தொடாமலே போகலாம். மேலே சொன்ன புதிது போலவே வெளிவரும் ராடின் மர்மம் பெரும்பாலும் இதுதான். டேங்க் காலியாக இருக்கும்போதே மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையை ராடு தலையிலும் இன்னொன்றை டேங்கின் பூச்சில்லாத உலோகத்திலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே வந்தால் சரி. வரவில்லை என்றால் டேப்பைக் குறைத்து மறுபடி மாட்டுங்கள். கையால் திருகி, சாக்கெட்டால் கெட்டியாகும் வரை. முழு பலத்தோடு முறுக்க வேண்டாம், அடுத்த வருடம் கழற்றுவதும் நீங்கள்தான்.

நிரப்பும்போது உள்ளே சுடுதண்ணீர்க் குழாய் காற்றுக் குமிழி இல்லாமல் சீராக ஓடும் வரை திறந்து வைத்துவிட்டு, அதன்பின்தான் கேஸோ மின்சாரமோ. சில நாளில் 150 பி.எஸ்.ஐ. அழுத்த வால்வு சொட்டத் தொடங்கினால் வால்வைக் குறை சொல்லாதீர்கள். டேங்கின் மேலே விரிவுக்காக நிற்க வேண்டிய காற்றுப்பை காணாமல் போயிருக்கும். ஹீட்டரை ஆறவிட்டு, தண்ணீர் வரும் வழியை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, வால்வை இழுத்து ஓட்டம் நிற்கும் வரை விட்டு, மூடி, மறுபடி தண்ணீரைத் திறந்தால் காற்று திரும்ப வந்துவிடும்.

குளிர்கால நிறுத்தம்

பனிக்கு முன் ஹீட்டரை வடித்து, ஹீட்டருக்குள் எதுவும் போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பி, குழாய் உறைந்து வெடிக்காமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் திரவத்தைக் குழாய்களுக்கு மட்டும் அனுப்புங்கள். பைபாஸ் இல்லாத வண்டியில் ஆன்டிஃப்ரீஸ் டேங்குக்குள் போகும் என்றால், ராடைக் கழற்றிவிட்டு முக்கால் அங்குலச் சாதாரண அடைப்பானைப் போட வேண்டும். ஆன்டிஃப்ரீஸ் ராடை அரித்துச் சகதியாக்கும். பைபாஸ் இருந்தால் ராடை வெளியே எடுத்து, டேங்கைக் காயவிட்டு, துளையில் பூச்சி நுழையாமல் வலைத்துணி கட்டிவிடலாம். எடுத்த ராடை வண்டிக்குள் தெரியும் இடத்தில் வையுங்கள்; வசந்தத்தில் ராடில்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டுத் திகைப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

அலுமினிய டேங்க்

ஆட்வுட், டொமெட்டிக் டேங்கின் உட்புறத்தில் துத்தநாகம் கலந்த அலுமினிய அடுக்கு ஒட்டியிருக்கிறது. அந்த அடுக்கேதான் அதன் ராடு, மெல்ல அதுவே கரைந்து உள்ளே இருக்கும் கெட்டியான அலுமினியத்தைக் காக்கும். அரை அங்குல மரையில் மாட்டும் ராடுகள் கடைகளில் தொங்கத்தான் செய்கின்றன. வாங்காதீர்கள். அவற்றின் உலோகத் தலை அலுமினிய மரையோடு இறுகிக்கொள்ளும், கழற்றப்போனால் மரையும் சேர்ந்தே வரும். அதே காரணத்துக்காகத்தான் பிளாஸ்டிக் அடைப்பான் வைத்திருக்கிறார்கள். பித்தளை அடைப்பான் உறுதியாக இருக்கும் என்று மாற்றுவதும் தவறு. பிளாஸ்டிக் அடைப்பானை வருடம் ஒன்று புதிதாகப் போட்டுவிட்டு, கூடுதலாக ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நாற்றம் வந்தால் பிளீச் டேங்கில் நிற்கக் கூடாது, வெள்ளை வினிகர்தான். நான்கு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் என்று கலந்து டேங்கை நிரப்பி, கேஸில் நான்கைந்து முறை சூடேறி அணையவிட்டு, ஆறிய பின் வடித்துக் கழுவ வேண்டும். உப்புப் படிவும் இதிலேயே இளகும். முன்பு பிளீச் போட்டிருந்தால் முழுக்கக் கழுவாமல் வினிகரைத் தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

தையல் ஓரத்தில் அல்லது ஹீட்டருக்குப் பின்னால் தரையில் ஈரம் கண்டால் எந்த ராடும் அந்தத் துளையை அடைக்காது. டேங்கை மட்டும் தனியாக மாற்றலாம், ஆனால் கேஸ் பகுதிகளைப் பிரித்து மறுபடி கோப்பது கூலியிலேயே விழுங்கிவிடும். பத்து வருடம் தாண்டிய ஹீட்டர் என்றால் முழுதாக மாற்றுவதே லாபம். அந்த நேரத்தில் டேங்க் இல்லாத வகைக்குப் போகலாமா என்ற கேள்வி வரும். அந்த வகையைச் சேர்ந்த ட்ரூமா அக்வாகோ மணிக்கு 60,000 பி.டி.யு. (வெப்ப அலகு) வரை எரியும், 6 கேலன் சபர்பனோ 12,000. ராடு வேண்டாம், ஆனால் உப்புப் படிவை எடுக்கும் வேலை இருக்கிறது, மின்சாரத்தில் சூடாக்கும் வசதியும் போய்விடும். கேம்ப்கிரவுண்ட் மின்சாரத்தில் குளித்து கேஸை மிச்சம்பிடிப்பவர்கள் சபர்பனையே மறுபடி வாங்கி, 15 டாலர் மெக்னீசியம் ராடு ஒன்றையும் கையோடு எடுத்துக்கொள்வது நல்லது.